ஜெர்மன் வாத்தியாரின் மனைவி

தலைநகர் யாவுண்டேயில் ஜெர்மன் மொழித் தேர்வு எழுதிவிட்டு ரோசீன் ஊர் திரும்பினாள். பஃபூசாம் பேருந்து நிலையத்தில் அவளுக்காகக் காத்திருந்த கணவர் போனிஃபாஸ் கேட்ட முதல் கேள்வி, பயணம் எப்படி இருந்தது என்பதல்ல. கட்டுரைக்கு என்ன தலைப்பு கொடுத்தார்கள் என்பதுதான்.

"தலைப்பெல்லாம் சுலபம். நல்லாத்தான் எழுதினேன்," என்றாள். பையை அவர் கையில் கொடுத்துவிட்டு வாடகை மோட்டார் சைக்கிள்காரனைக் கூப்பிடப் போனவள் பாதியில் நின்றாள். "கேக்கிற பகுதிதான் போச்சு, லுதிவீன் அப்பா."

"போச்சுன்னா?"

"ஒண்ணும் புரியல. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி என்னமோ போட்டாங்க. அப்புறம் ரெண்டு பொம்பளைங்க வீட்டு வாடகையைப் பத்தியோ எதைப் பத்தியோ பேசிக்கிட்டாங்க. அது ஜெர்மன்தானான்னே எனக்கு சந்தேகமாப் போச்சு."

"பதட்டப்பட்டிருப்ப. வீட்டுல நான் வாசிச்சுக் காட்டினப்ப எல்லாத்துக்கும் சரியாத்தானே பதில் சொன்ன?"

"நீங்க வாசிச்சா புரியுது. உங்க குரல்ல மட்டும்தான் புரியுது."

குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. களைப்பில் வந்த பேச்சு. ஆனாலும் மோட்டார் சைக்கிளில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, செம்புழுதியைத் தின்றபடி வீடு போய்ச் சேரும்வரை அவர் அதையே நினைத்துக்கொண்டு போனார். சில வாரம் கழித்து வந்த முடிவும் அவள் சொன்னபடியே இருந்தது. வாசிப்பில் தேறியிருந்தாள், எழுத்தில் மிக நன்றாகத் தேறியிருந்தாள், செவியில் தோற்றிருந்தாள்.

போனிஃபாஸ் ஃபொமேகொங் அரசுப் பள்ளியில் ஜெர்மன் வாத்தியார். பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சட்டமும் கணக்கும் படித்துக்கொண்டிருந்தபோது, வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை காக்கவைத்து அப்புறம்தான் வினையைத் தரும் அந்த மொழியின் மேல் அவருக்கு மையல் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான். ஜெர்மனியை அவர் பார்த்ததில்லை. ஒரு முறை அங்கே போய்ப் படிக்க உதவித்தொகை கிடைக்கிற மாதிரி வந்து, கடைசியில் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அதன்பின் அவர் முயலவில்லை. பள்ளி முடிந்ததும் ஜெலெங் பேட்டையில் தம் வீட்டு முன்னறையில் வகுப்பு எடுத்தார். ஊரில் இருந்த செவிலியர்களில் பாதிப் பேர் ஜெர்மனி போகும் கனவில் இருந்தார்கள். அந்தக் கனவின் வாசல் போனிஃபாஸின் முன்னறைதான்.

ரோசீன் மாவட்ட மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் செவிலி. அவளை ஜெர்மனிக்கு அனுப்புவது அவர் போட்ட திட்டம். அவள் முதலில் போவது, வேலையில் நிலைத்ததும் அவரும் மகளும் பின்னால் போவது. அகரத்திலிருந்து அவரே சொல்லிக்கொடுத்தார். அவருடைய மாணவர்களிலேயே மிகச் சிறந்தவள் அவள்தான். அதை வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம், உள்ளுக்குள் பெருமை.

அந்த வருஷம்தான் பொக்காம் என்பவன் பெரிய சாலையில் மொழிப் பயிற்சி மையம் திறந்தான். அதற்கு முன் கைபேசி விற்றுக்கொண்டிருந்தவன். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். "ஜெர்மன் மொழியை ஜெர்மானியரிடமே கற்றுக்கொள்ளுங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. அந்த அம்மாளின் பெயர் குட்ரூன். பொக்காமின் ஒன்றுவிட்ட தங்கை ஜெர்மனியில் குடியிருந்த தெருவில் ரொட்டிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தவள். வாழ்நாளில் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை.

முன்னறையில் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. முதலில் போனவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். பின்னால் போனவர்கள் சொல்லாமலே போனார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரோசீன் அடுப்படியில் உட்கார்ந்து, வேகவைத்த சேப்பங்கிழங்கைச் சூடு பொறுக்கத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். போனிஃபாஸ் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"பொக்காம் நடத்துற இடத்துல சேரலாம்னு இருக்கேன்," என்றாள்.

அவர் தாளிலிருந்து பேனாவை எடுக்காமல் சொன்னார். "அந்தம்மா வாத்தியாரே இல்ல. ரொட்டி வித்தவங்க. விசாரிச்சுட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ரொட்டி விக்கிறவங்க பேசுறதுதாங்க எனக்குப் புரியணும். அங்க போய் நான் குளிப்பாட்டப்போற கிழவன் கிழவி யாரும் உங்களை மாதிரி பேசமாட்டாங்க."

"நான் எப்படிப் பேசறேன்?"

அவள் கிழங்கைக் கீழே வைத்தாள். விரல் சுட்டிருந்தது, வாயருகே வைத்து ஊதிக்கொண்டாள். "தப்பே இல்லாம பேசறீங்க," என்றாள்.

அன்று அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அவள் தடுக்கவில்லை. திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஊருக்கு இது பேச்சுக்கு நல்ல தீனி ஆயிற்று. காலையில் மாவுருண்டையும் பீன்ஸும் விற்கும் மார்சலீன் கடையில், பள்ளியில் அவரோடு வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னார். "என்ன போனிஃபாஸ், சமையக்காரர் வீட்டம்மா ஓட்டல்ல சாப்பிடுறாங்களாமே?"

"வீட்டுச் சாப்பாட்டுல உப்பு கம்மி போல," என்றாள் மார்சலீன், கரண்டியிலிருந்து கண்ணெடுக்காமல்.

போனிஃபாஸும் சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

மழைக்காலம் தொடங்கியபோது பொக்காமே வீடு தேடி வந்தான். முன்னறையில் அப்போது மூன்று பேர்தான் மிச்சம். அவர்கள் போகும்வரை வாசலில் மரியாதையாக நின்றான்.

"அண்ணே, உங்களால எனக்கு ஒரு காரியம் ஆகணும். அந்தம்மா பேசுறாங்க, புள்ளைங்க கேக்குது, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா 'இது ஏன் இப்படி'ன்னு யாராவது கேட்டா, 'நாங்க அப்படித்தான் சொல்லுவோம்'னு முடிச்சிடுறாங்க. எழுத்துப் பரீட்சையில வரிசையா விழுகுதுங்க. நீங்க வந்து இலக்கணத்தைப் பாத்துக்கிட்டா போதும்."

"பலகையில என் பேரும் வருமா?"

பொக்காம் தலையைச் சொறிந்தான். "பலகையில உங்க படத்தைப் போட்டா யாருண்ணே வருவாங்க? என் படத்தைப் போட்டாலும் வரமாட்டாங்க. உதவியாளர்னு வெச்சுக்குவோம். மரியாதையில ஒரு குறையும் வராது."

அப்போதைக்கு முடியாது என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் மிச்சமிருந்த மூவரில் இருவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவரே மையத்துக்குப் போனார்.

முதல் நாள் கோட்டுக்கு இஸ்திரி போட்டு அணிந்துகொண்டார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு ஜெர்மானியரோடு பேசப்போகிறார். வழியெல்லாம் வாக்கியத்தை உருட்டி உருட்டிப் பார்த்து, குட்ரூன் முன்னால் நின்று ஜெர்மனில் சொன்னார்: "மதிப்பிற்குரிய அம்மையீர், தாங்கள் எங்கள் நகருக்கு வருகை புரிந்தமை குறித்துப் பெருமகிழ்வு எய்துகிறேன்."

குட்ரூன் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மாடி, என்ன அழகாப் பேசுறீங்க. பழைய செய்தித்தாளைப் பிரிச்சு வாசிச்ச மாதிரி இருக்கு," என்றாள். நிதானமாகச் சொன்னதால் அது அவருக்குப் புரிந்தது. புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். உண்மையில் அவள் புகழத்தான் செய்தாள்; கெட்ட மனசு இல்லாத பெண்பிள்ளை. செய்தித்தாள் என்ற சொல் அவரைக் குத்தத் தொடங்கியது இரண்டு நாள் கழித்துத்தான்.

பிறகு அந்த இடைவேளை வந்தது. மாணவர்கள் முற்றத்து வெண்ணெய்ப்பழ மரத்தடியில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரோசீனும் அவர்களில் ஒருத்தி. போனிஃபாஸ் வகுப்பு முடித்து வெளியே வந்தார். கையில் ரொட்டியோடு எதிரே வந்த குட்ரூன், தான் வளர்ந்த ஊர்ப்பேச்சிலேயே, சொற்களை விழுங்கி ஒரே மூச்சில் அவரிடம் ஏதோ கேட்டாள். கேள்வி என்பது மட்டும் குரலின் ஏற்றத்தில் தெரிந்தது. வகுப்பைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று ஊகித்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி அவர் விடை சொன்னார்: "ஆம் அம்மையீர். இரண்டாம் வேற்றுமையை முடித்துவிட்டேன். நான்காம் வேற்றுமையை நாளை தொடங்குவதாக உள்ளேன்."

குட்ரூன் ஒரு கணம் விழித்தாள். பிறகு ரொட்டி கையிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தாள். மரத்தடியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "சாப்பிட்டாச்சான்னு கேட்டாங்க சார்," என்றான் யாரோ ஒருவன்.

போனிஃபாஸ் அவர்களைப் பார்க்கவில்லை. ரோசீனைத்தான் பார்த்தார். அவளும் சிரித்திருந்தாள். யாரும் எடுத்துச் சொல்வதற்கு முன்பே, கேள்வி கேட்கப்பட்டு விடை வந்த அந்த நொடியிலேயே சிரித்திருந்தாள். அவர் பார்ப்பதைக் கண்டதும் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள்தான் ஆரம்பித்தாள். "சிரிச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"உனக்கு உடனே புரிஞ்சுதே."

"தினமும் கேக்கிறதால பழகிடுச்சு. வேற ஒண்ணுமில்ல."

"நல்லதுதானே," என்றார். நல்லதுதான். அவளுக்கு அந்தக் காது வரவேண்டும் என்றுதான் இத்தனை பாடும். ஆனால் இத்தனை வருஷமாகத் தாம் கட்டிக் காத்த வீட்டுக்குள் அவள் சாவி இல்லாமல் நுழைந்துவிட்டதாகவும், தாம் வாசலிலேயே நின்றுவிட்டதாகவும் அவருக்கு அன்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பின் வந்த மாதங்கள் நல்ல மாதங்கள் என்றே சொல்லவேண்டும். குட்ரூனிடம் கேட்ட பேச்சை ரோசீன் வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாப்பாட்டு மேசையில் வைத்து, "இது ஏங்க இப்படி?" என்பாள். அவர் அதைப் பிரித்து, எலும்பு வேறு சதை வேறாக எடுத்துக் காட்டுவார். லுதிவீனுக்கு அப்போது ஏழு வயது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா ஒப்பிப்பாள். குட்ரூனேகூடச் சில நாள் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "என் பாஷைக்குள்ள இவ்வளவு இருக்கா? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே," என்று வியந்தாள். அவர் அவளிடம் பேசும்போது மட்டும் முன்னைவிடக் குறைவாகப் பேசினார். அவள் எதிரே வருவது தெரிந்தால் கரும்பலகையைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொள்வார்.

இரண்டாம் முறை ரோசீன் எல்லாப் பகுதியிலும் தேறினாள். அந்தச் செய்தி வந்த அன்று பொக்காம் பலகையில் அவள் படத்தையும் ஒட்டினான், குட்ரூனின் படத்துக்குப் பக்கத்தில்.

துவாலா விமான நிலையத்தில் வழியனுப்பும்போது ரோசீன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கணவரிடம், "ஞாயித்துக்கிழமை தவறாம கூப்பிடுறேன். ஜெர்மன்லயே பேசுவோம். உங்களுக்கும் பழக்கமாகட்டும்," என்றாள்.

சொன்னபடியே கூப்பிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை. குளிர், ரயில், படுக்கையிலிருந்து எழாத ஒரு கிழவி அவளை மட்டும் கிட்டே விடுவது என்று பலதும் சொல்வாள். முதல் சில மாதம் அவள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. நடுவில் திருத்தவும் செய்தார்.

"அங்கே நான்காம் வேற்றுமை வரவேண்டும்."

"இங்க யாரும் அப்படிச் சொல்றதில்லைங்க."

"எல்லோரும் தவறாகச் சொன்னால் அது சரியாகிவிடுமா?"

"சரி, திருத்திக்கிறேன்," என்றாள் ரோசீன்.

குளிர்காலம் போய் வெயில் வந்தபோது அவள் பேச்சு மாறியிருந்தது. சொற்களின் வால் தேய்ந்துவிட்டது. குட்ரூன் பேசுவதுபோலவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவர் "ஆம், ஆம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். அது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள்: "காலையிலேருந்து அதுலயே பேசி வாய் வலிக்குதுங்க. நம்ம பாஷையிலயே பேசலாமா?"

"பேசலாமே," என்றார். அதன்பின் அவர்கள் இருவரும் ஜெர்மன் பேசிக்கொள்ளவே இல்லை.

இரண்டாம் வருஷம் லுதிவீனை அழைத்துப்போக ரோசீன் வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவரும் வரவேண்டும் என்று விடாமல் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல விடமாட்டாங்க, ரோசீன்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். அமைச்சகத்துல ஒத்துக்கலையாம்."

"வேலையை விட்டாத்தான் என்ன? அங்க கிடங்குல, கடையில ஏதாவது ஒண்ணு முதல்ல பாப்போம். அப்புறம் மெதுவா நல்லதாத் தேடிக்கலாம். வர்றவங்கள்லாம் பாஷை இல்லாமத்தான் திண்டாடுறாங்க. உங்களுக்குத்தான் அது இருக்கே."

கிடங்கில் மூட்டை தூக்க அவர் அஞ்சவில்லை. அவர் கண் முன் வந்தது வேறு. ஒரு ரொட்டிக் கடை. மேடைக்குப் பின்னால் ஒரு பெண் அவரிடம் ஏதோ கேட்கிறாள். புரியவில்லை. மறுபடி கேட்கிறாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனகுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் லுதிவீன், அப்பா, என்ன கேக்கிறாங்கன்னா, என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொல்கிறாள். பஃபூசாமில் அவர் ஜெர்மன் வாத்தியார். அங்கே போனால் என்னவாக இருப்பார் என்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

அமைச்சகத்தில் அவர் யாரையும் கேட்டிருக்கவில்லை.

ரோசீன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியே இல்லை என்று சொல்லும் நோயாளியை அவள் அப்படித்தான் பார்ப்பாள். "சரி. எப்ப முடியுமோ அப்ப வாங்க," என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவராவது எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. மகளும் தாயும் போனார்கள். முன்னறை பெஞ்சுகளை அவர் ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை ஆயிற்று. லுதிவீன் தாய்மொழியில் பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாறினாள். தடுமாறும் இடத்தில் ஜெர்மன் சொல்லைப் போட்டு நிரப்பிக்கொண்டு போனாள். அவர் "ஆமாம்மா" என்றார்.

குட்ரூன் மூட்டுவலி முற்றியதால் தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது அவரைக் கட்டிக்கொண்டு அழுதபடி என்னவோ நெடுநேரம் சொன்னாள். நன்றி என்ற சொல் அதில் இரண்டு மூன்று தடவை வந்தது. பொக்காம் அவள் இடத்துக்கு லென்னார்ட் என்ற இளைஞனை வரவழைத்தான். ஊர் சுற்ற வந்தவன், கிட்டார் வாசிப்பான். பலகையில் புதுப் படம் ஏறியது. போனிஃபாஸ் உதவியாளராகவே தொடர்ந்தார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், மையத்தின் படிக்கட்டில் ஒரு பெண் அவரை நிறுத்தினாள். எஸ்தெல் என்று பெயர். ரோசீன் வேலை பார்த்த அதே பிரசவப் பிரிவில் செவிலி.

"சார், எனக்கு மாத்தி மாத்தி வேலை நேரம். ரெண்டு வகுப்புக்கும் வர முடியாது. ஒண்ணுலதான் சேரணும். உங்ககிட்டயா, அந்த வெள்ளைக்காரத் தம்பிகிட்டயா? உள்ளதைச் சொல்லுங்க."

"எதுக்குப் படிக்கிறீங்க?"

"போறதுக்குத்தான். வேற எதுக்கு?"

"திரும்பி வர்ற எண்ணம் உண்டா?"

எஸ்தெல் சிரித்தாள். "அதெல்லாம் இப்பவே யாரு சார் சொல்ல முடியும்?"

எழுத்துப் பகுதியில் அந்தப் பையனிடம் படித்தவர்கள் விழுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தம்மிடம் படித்தவர்கள் எங்கே விழுவார்கள் என்பதும் தெரியும்.

"அவர்கிட்டயே சேருங்க," என்றார்.

"உங்க வீட்டம்மாகூட அந்த வெள்ளைக்காரம்மாகிட்டப் படிச்சுத்தான் போனாங்கன்னு சொல்வாங்க. நிஜமா சார்?"

"ஆமா."

"அவங்க நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா," என்றார் போனிஃபாஸ்.

அவள் நன்றி சொல்லிவிட்டு, பெயரைப் பதிந்துகொள்ள உள்ளே போனாள். புரியாதது ஏதாவது இருந்தால் தம்மிடம் வந்து கேட்கலாம் என்று சொல்ல நினைத்திருந்தார். அதற்குள் அவள் பொக்காமின் மேசைக்கு முன் உட்கார்ந்துவிட்டாள். மழை சாரலாக விழத் தொடங்கியது. போனிஃபாஸ் மாடியேறிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, வந்திருந்த நாலு பேருக்கும் பாடத்தைத் தொடங்கினார்.